ஸ்பாட்டில் உட்கார்ந்து வரைவோம்: யானைமலையும் ஒரு கால் ஷீட் தாளும்

போட்டோவைப் பார்த்து மலை வரைந்தால் நிழல் எல்லாம் கறுப்பாகவும் வானம் வெளிறிப்போயும்தான் வரும். கேமரா அப்படித்தான் காட்டும். அதே மலையை நேரில் பாருங்கள். நிழலுக்குள் நீலமும் ஊதாவும் தெரியும், அடிவாரத்தில் செம்மண்ணில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பாறையில் ஏறியிருக்கும். நிலக்காட்சி வரைகிறவர்கள் விடிகாலையில் போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இதற்காகத்தான். நம் ஊர் ஓவியர்கள் இதை 'ஸ்பாட்டுக்குப் போறது' என்பார்கள். பின்னாளில், 1966-இல், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் தொடக்க காலத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகளுக்காகப் பேசப்பட்டவர்தான்.

ஸ்பாட்டில் பெரிய சிக்கல் ஒன்றுதான்: நீங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே வெயில் நகர்ந்துவிடும். எந்த நிழலை வரையப்போகிறோம் என்று முதல் பத்து நிமிடத்தில் முடிவு செய்து, கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். நீர்வண்ணப் பயிற்சிக்கு மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் யானைமலையை எடுத்துக்கொள்கிறேன். படுத்திருக்கும் யானை மாதிரி நீளமான ஒற்றைப் பாறை, முன்னால் மிச்சமிருக்கும் வயல், ஓரத்தில் பனை. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படி 1: பையில் என்ன இருக்க வேண்டும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), கோல்டு பிரஸ் எனப்படும் லேசாகச் சொரசொரத்த தாள், முடிந்தால் பருத்தித் தாள். முழு ஷீட் 22க்கு 30 அங்குலம். அதில் கால் பங்கு, அதாவது 11க்கு 15, முதல் படத்துக்குச் சரியான அளவு. மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் அலை அலையாக மேடு தட்டி, வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். தாளின் நான்கு பக்கத்தையும் மாஸ்கிங் டேப் போட்டு போர்டில் ஒட்டிவிடுங்கள்.

வண்ணம் மாணவர் தரமே போதும். லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரின் நீலம், இந்த ஐந்தே போதும். கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் எந்தக் கறுப்பையும்விட உயிருள்ள சாம்பல் கிடைக்கும். பிரஷில் 12ஆம் எண், 6ஆம் எண் ரவுண்டு, ஒரு அங்குல பிளாட். அப்புறம் இரண்டு பாட்டில் தண்ணீர், பழைய பருத்தித் துணி, ஸ்பிரே பாட்டில், தொப்பி, மடக்கு ஸ்டூல்.

இப்படிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது ஒரு காலத்தில் சுலபமாக இல்லை. எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் பிதுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு வெளியே போய் வரைவது எளிதானது.

படி 2: நேரமும் இடமும்

ஆறரைக்கு அங்கே இருங்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரைதான் நமக்கு வேலை. அந்த நேரத்தில் வெயில் பக்கவாட்டில் விழும், பாறையின் ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும். வெயில் உச்சிக்கு ஏற ஏற மலை தட்டையாகிவிடும்.

வயல் இன்னொருவருடையது. ஆள் கண்ணில் பட்டால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, இந்த வரப்புல கொஞ்ச நேரம் உக்காந்து படம் வரைஞ்சுக்கிறேன்ணே." பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் இருந்து பார்த்தால் மலை நன்றாகத் தெரியும் என்று அவரே காட்டவும் கூடும்; அந்த யோசனையைத் தட்டாதீர்கள், தினமும் அந்த மலையைப் பார்க்கிறவர் அவர்.

உட்காரும் இடம் நிழலாக இருக்கட்டும். தாளில் நேர் வெயில் பட்டால் வண்ணம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இருண்டு கிடக்கும்.

படி 3: தீப்பெட்டி அளவில் ஒரு படம்

நடுவில் 5.5க்கு 7.5 செ.மீ. சன்னல் வெட்டிய அட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தாளின் விகிதம்தான் அது. அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். செல்போன் கோபுரம் வேண்டாமா, விட்டுவிடுங்கள். மலையடிக் கோடு தாளின் நடுவே போகாமல் கொஞ்சம் கீழே இருக்கட்டும்.

இப்போது ஸ்கெட்ச் புக்கில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, 4பி பென்சிலால் மூன்றே டோனில் வரையுங்கள்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கரும் சாம்பல். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து இந்த மூன்றும் தானாகப் பிரியும். வானமும் வெயில் பட்ட பாறையும் வெள்ளை, மடிப்புகளின் நிழல் நடுச் சாம்பல், பனை மட்டும் கரும் சாம்பல். பக்கத்தில் மணியை எழுதி, வெயில் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மலையே வேறாகத் தெரியும்போது நீங்கள் நம்ப வேண்டியது இந்தத் தீப்பெட்டிப் படத்தைத்தான். புதிதாக வரைகிறவர்கள் ஆர்வத்தில் இந்தப் படியைத் தாண்டி நேராக வண்ணத்துக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

படி 4: கோடும் வானமும்

தாளில் 2பி பென்சிலால் மலையின் வெளிக்கோடு, வரப்பு, பனை நிற்கும் இடம் மட்டும். அழிரப்பரைப் போட்டுத் தேய்த்தால் தாளின் மேல் இழை கிளம்பி, வண்ணம் அங்கே திட்டுத் திட்டாக ஊறும்.

போர்டின் மேல்பக்கத்தை லேசாக உயர்த்தி வையுங்கள். வானத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கலவை தயார் செய்துகொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கப் போனால் நம் ஊர் வெயிலில் அதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். வானப் பகுதியை வெறும் தண்ணீரால் நனைத்து, மேலிருந்து அல்ட்ராமரினை இடவலமாக இழுத்து வாருங்கள். கீழே வர வர தண்ணீரைக் கூட்டி, மலைக்கு மேலே துளி ஓக்கர் சேருங்கள். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும், அதனால் ஈரத்தில் சற்றுத் தூக்கலாகத் தெரிவதுதான் சரி. அப்புறம் கை வைக்காதீர்கள்.

படி 5: மலை

புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, காத்திருங்கள்.

காய்ந்ததும் மலை முழுவதற்கும் ஓக்கரில் துளி கிரிம்சன் கலந்த மெல்லிய வாஷ் (தண்ணீர் கூட்டிய வண்ணப் பூச்சு) ஒன்று கொடுங்கள். வெயில் பட்ட பாறையின் நிறம் இதுதான், கடைசிவரை இதுவேதான் நிற்கப்போகிறது. அது நன்றாகக் காய்ந்தபின் அல்ட்ராமரினில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேர்த்து நிழல் கலவை செய்யுங்கள். நீலம் சற்று மேலோங்கட்டும். 12ஆம் எண் பிரஷ் நிறைய எடுத்து, மடிப்பு நிழல்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒரே ஓட்டத்தில் போடுங்கள். தனித்தனித் திட்டாகப் போட்டால் பாறை உடைந்து கிடப்பது போல ஆகிவிடும். ஈரம் இருக்கும்போதே நிழலின் அடியில் துளி பர்ன்ட் சியன்னாவை இறக்கினால், முதலில் சொன்ன செம்மண் வெளிச்சம் அங்கே தானாக ஊறி நிற்கும். அடிவார விளிம்பைச் சுத்தத் தண்ணீர் பிரஷால் தொட்டுக் கரைத்துவிடுங்கள், காலைப் பனிமூட்டம் வந்துவிடும்.

பாறையில் மழைத்தண்ணீர் வழிந்த கறைகள் செங்குத்தாக ஓடும். பிரஷைத் துணியில் துடைத்து, வறண்ட முனையால் மேலிருந்து கீழே இரண்டு மூன்று இழுப்பு போதும்.

படி 6: வயலும் பனையும்

பச்சை டியூபைத் தேட வேண்டாம். லெமன் யெல்லோவில் கொஞ்சம் அல்ட்ராமரின் சேர்த்தால் இளம் நெல். தூரத்து வயலுக்கு நீலத்தைக் கூட்டுங்கள், கிட்டத்து வயலுக்கு மஞ்சளை. வரப்புகளை வண்ணம் படாமல் விட்டுவிட்டு, பிறகு ஓக்கர் பூசுங்கள். நாற்று நடத் தண்ணீர் கட்டியிருந்தால் பனையின் பிம்பம் நேர் கீழாகத்தான் விழும், நிழல்போலச் சாயாது. கரும் பொருளின் பிம்பம் பொருளைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கும், இதைக் கவனித்தாலே தண்ணீர் தண்ணீராகத் தெரியும்.

பனை கடைசியில். நிழல் கலவையே போதும், தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக எடுங்கள். அடியிலிருந்து ஒரே இழுப்பில் மரம். ஓலையை ஒவ்வொன்றாக எண்ணாமல், நடுவில் வானம் தெரியும் இடைவெளிகளோடு ஒரு உருண்டை.

படி 7: நிறுத்துவதும் வீட்டுக்குப் போனபிறகும்

ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள், முடியாவிட்டாலும். புது நிழலைப் பழைய படத்தில் சேர்த்தால் ஒரே மலையில் இரண்டு திசையிலிருந்து வெயில் அடிக்கும்.

முழுநேர ஓவியருக்கும் மதியம் அறைக்குள் வேலைதான். டேப்பை வெளிப்பக்கமாக மெல்லச் சாய்த்து உரிப்பது, காலைப் படத்தைச் சுவரில் சாய்த்துத் தள்ளி நின்று பார்ப்பது, ஸ்பாட் படங்களை வைத்துப் பெரிய படம் செய்வது, மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வெட்டுவது, வகுப்பு எடுப்பது என்று பொழுது போகும். நீங்கள் தாளின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று, வெயில் எல்லாம் எழுதி வையுங்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தபோது பல படங்களின் பின்னால் நேரத்தையும் காற்றையும் இப்படித்தான் குறித்து வைத்தார்.

சாயங்காலம் நாலரைக்கு அதே வரப்புக்குப் போனால் வெயில் எதிர்த் திசையிலிருந்து வரும். 1890-91-இல் வைக்கோல் போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, வெளிச்சம் மாறியதும் அந்த கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நீங்களும் காலைத் தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு, புதுத் தாளும் புதுத் தீப்பெட்டிப் படமுமாகத் தொடங்குங்கள்.