ஃபோர்ட் 7.3 டீசல் டிரக்கில் சிப் மாட்டுவது எப்படி?

1994 பாதியிலிருந்து 2003 வரை வந்த ஃபோர்ட் 7.3 பவர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. இதில் டீசல் எவ்வளவு, எப்போது என்பதை பிசிஎம் என்கிற கணினிப்பெட்டிதான் தீர்மானிக்கிறது. அதன் பின்புறம் ஜே3 என்று ஒரு போர்ட் உண்டு. சிப் என்பது எஞ்சின் சக்தியைக் கூட்டும் புதிய கணக்குகள் (டியூன்கள்) எழுதிய சிறு அட்டை. அங்கே அதைச் செருகினால் பிசிஎம் தன் பழைய கணக்கை விட்டுவிட்டு சிப்பில் இருப்பதைப் படிக்கும்.

ஆர்டர் போடும் முன் பிசிஎம் ஸ்டிக்கரில் உள்ள நாலெழுத்துக் குறியைப் பார்த்துச் சொல்லுங்கள். சிப்பை அந்தக் குறிக்கு ஏற்றபடிதான் எழுதுவார்கள். வேறு வண்டியிலிருந்து கழற்றிய சிப் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

1. இரண்டு பேட்டரியிலும் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

2. எஞ்சின் பக்கம், டிரைவருக்கு நேரே ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) இருக்கும் பெரிய கனெக்டரின் 10 மி.மீ. போல்ட்டைத் தளர்த்தி இழுங்கள். பிறகு பிசிஎம்மை வெளியே எடுங்கள்; 1999 முதல் வந்த வண்டிகளில் அது உள்ளே, பார்க்கிங் பிரேக் பக்கமாக வரும்.

3. பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேதான். ஜே3 மூடியைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் தகட்டின் இருபுறமும் மெல்லிய உலோகப் பட்டைகள் தெரியும். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மேலே கம்பெனி பூசிய பாதுகாப்புப் பூச்சு கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் சிப்பைச் செருகினால் தொடர்பு கிடைக்காது. பச்சை ஸ்காட்ச் பிரைட்டை விரல் அகலத்துக்கு வெட்டி, பட்டையின் நீளவாக்கில் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, பட்டையே போய்விடும். அப்புறம் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு பக்கமும்!

4. சிப்பை நேராக, கடைசி வரை அழுத்துங்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பேட்டரியை இணையுங்கள்.

5. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் 'வெயிட் டு ஸ்டார்ட்' விளக்கைப் பாருங்கள். எரிந்தால் சரி. எரியவே இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூன்றாம் படியைத்தான்.

சிப்புக்கு முன்பே எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் வாங்கிவிடுங்கள் என்பேன். ஏற்றத்தில் 1250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லர் இழுக்கும்போது குறைந்த சக்தி தரும் டியூன் போதும்; ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் முதலில் அடி வாங்கும்.

பின்சேர்க்கை: குழியில் இறங்கினால் எஞ்சின் அணைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். சிப் அசைகிறது. பிசிஎம்மோடு சேர்த்து ஒரு ஜிப் டை போட்டு இறுக்குங்கள்.