வெயில் ஏறட்டும்: நீலகிரி ஏரிக்கரைகளில் பறவை பார்க்க வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து கல்யாணம், குலதெய்வம், துணிக்கடை எல்லாம் முடித்த பிறகு கையில் நான்கு நாள் மிஞ்சினால் கோவையிலிருந்து மலையேறிவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியில் பறவை பார்க்க நல்ல காலம். அதற்கு முன்னால் வந்தால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மண் சரிந்து குன்னூர்ப் பாதையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதாகலாம்.

வேடந்தாங்கலை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். மரம் கொள்ளாத நாரைக் கூட்டம் இங்கே கிடையாது. இந்த ஏரிகள் பெரும்பாலும் மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரியே 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கியதுதான். எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்கள் குந்தா நீர்மின் திட்டத்தில் வந்தவை. அந்தத் திட்டத்துக்குக் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின்கீழ் கனடா உதவியது. டொராண்டோவிலிருந்து வந்த என் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் பாதி அணை எங்களுடையது" என்றார். குளிர்ந்த தண்ணீர், ஆழம், செங்குத்தான கரை. சேற்றில் நடந்து இரை தேடும் பறவைக்கு இங்கே என்ன வேலை? தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஏமாற்றம்தான். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் கரையோரச் சோலையைப் பாருங்கள். அடர்ந்த காடு ஏரிக்கரையில் சட்டென்று முடிகிறது. ஒளிந்து திரியும் பறவைகள் அந்த விளிம்பில்தான் வெளியே வரும்.

நேர விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை வந்தபோது, பறவை பார்ப்பதென்றால் இருட்டில் கிளம்ப வேண்டும் என்று எங்கோ கேட்டதை நம்பி, சித்தப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி ஐந்தரைக்கெல்லாம் காமராஜ் சாகர் நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிப்போனேன். புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல உறைபனி. மூடுபனியில் கரையே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றும் ஒரு சத்தமில்லை. திரும்பும் வழியில் தலைகுந்தாவில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இந்தப் பனியில எந்தக் குருவிங்க வரும்? பூச்சியே இன்னும் எந்திரிக்கல. வெயில் ஏறட்டும்."

அவர் சொன்னதே கணக்கு. ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஆறே முக்காலை ஒட்டி. மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் வெயில் விழ இன்னும் நேரமாகும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் ஏரியோரத்தில்தான் உறைபனி அதிகம். வெயில் பட்ட பிறகே பூச்சி பறக்கும், பூச்சியைத் தின்னும் பறவை கிளைக்கு வரும். ஆகவே ஏழு மணிக்குப் போய், கரையில் முதலில் வெயில் விழும் மரம் எது என்று பார்த்து, அதற்கெதிரே நில்லுங்கள். ஒன்பதரை வரை அங்கேயே இருக்கலாம். ஐந்து ஏரி சுற்றுவதைவிட ஒரு கரையில் இரண்டு மணி நேரம் நிற்பது மேல்.

இருட்டில் போகக் கூடாததற்கு இன்னொரு காரணம் காட்டெருமை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் வீட்டு வாசலிலும் சர்வசாதாரணமாக நிற்கும். மூடுபனியில் பாறை என்று நினைத்து அருகே போய்விடுவோம். அது தலையைத் தூக்கிப் பார்த்தால் படம் எடுக்க நிற்காதீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். கரடியும் இருக்கிற ஊர் இது.

சரி, எங்கே போவது? ஊட்டி ஏரிக்கு என்றால் படகுச் சவாரி தொடங்கும் முன்பு போங்கள். தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான், வெண்மார்பு மீன்கொத்தி எல்லாம் கிடைக்கும். சில மூலைகளில் சாக்கடை நாற்றம் உண்டு, மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். காமராஜ் சாகர், கூடலூர் சாலையில் ஊட்டியிலிருந்து பத்து கிலோமீட்டர்போல. எனக்குப் பிடித்தது அதுதான். அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், எனவே அதிகாலை நமக்கு வாய்க்காது. அழகுக்காகப் போகலாம், பறவைக்காக வேண்டாம்.

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால் ஏரியை விட்டுவிட்டுக் கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போங்கள் என்பேன். 116 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் ஊற்று. 2024-இல் ராம்சார் என்ற உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடுதான் நுழைய வேண்டும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளையில் எது வந்து உட்காரும் என்று தெரிந்தவர்கள்.

அங்கேதான் நீலகிரிச் சிரிப்பானைக் கேட்கலாம். 'பார்க்கலாம்' என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. புதருக்குள்ளிருந்து நாலைந்து சேர்ந்து யாரையோ கேலி செய்வதுபோலச் சிரிக்கும். தேடினால் கிடைக்காது, தேடுவதை விட்டால் காலடியில் வந்து நிற்கும். உலகத்தில் இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. நீலகிரியையும் தெற்கேயுள்ள மலைகளையும் பாலக்காட்டுக் கணவாய் பிரிக்கிறது. சமவெளியில் இறங்கிக் கடக்க இந்தப் பறவைகளால் முடியாது. அதனால் கொடைக்கானலில் சிரிக்கும் பழனிமலைச் சிரிப்பான் தனி இனம். சோலையின் தரையோரம் திரியும் நீல நிறச் சிறு பறவையும் அப்படித்தான், கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு மலைக்கும் போக நேரமிருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் வராது. புதருக்கடியில் நெருப்புத் துண்டு ஒன்று அசைந்தால் அதுதான். நீலகிரி ஈப்பிடிப்பான் எதிர்மாறு: வெளிக்கிளையில் உட்கார்ந்து, நம்மைக் கண்டுகொள்ளாமல் பாடும்.

இவை ஊர்க்காரர்கள். குளிருக்கு வந்துபோகிறவர்களில் எளிதாகக் கண்ணில் படுவது சாம்பல் வாலாட்டி. இமயமலையிலும் அதற்கு வடக்கிலும் கூடு கட்டிவிட்டு, இங்கே ஓடையோரத்திலும் சாலையோரத்திலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். அரிதாகக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் கிடைக்கலாம். காஷ்மீர்ப் பக்கம் முட்டையிட்டு, குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் கழிக்கும் பறவை. நுவரெலியாவில் வேரிருக்கிற வாசகர் யாராவது இருந்தால் அவர்கள் ஊர்ப் பூங்காவில் அதைப் பார்த்திருக்கக்கூடும். (கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் 'தாயகம் திரும்பியவர்கள்' என்றால் நம்மைப்போல விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். பேச்சுக் கொடுக்கும்போது இது நினைவிருக்கட்டும்.) வலசைப் பறவையோடு நம்மை ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி மூட்டை கட்டும் விஷயம். மைனஸ் இருபதைப் பார்த்தவர்களுக்கு ஊட்டிக் குளிர் என்ன என்று அலட்சியமாக வந்து நடுங்கியவர்கள் பலர். வெளியே தாங்கலாம், அறைக்குள்தான் தாங்காது. பல விடுதிகளில் சூடேற்றும் வசதி கிடையாது. ஆகவே தூங்கும்போது போடவும் கம்பளி வேண்டும். அதே ஊரில் பத்து மணிக்கு வெயில் தோலைச் சுடும், தொப்பி மறக்காதீர்கள். பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு பார்த்தால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும், கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி வைத்திருப்பவர்கள் இந்தியத் தொகுப்பைக் கோவையிலேயே இறக்கிவிடுங்கள், சோலைக்குள் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் அதில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள். இருக்கிற கொஞ்ச உணவு நேரத்தில் அதை வெட்டியாக அலைய வைப்பதாகும்.

டிரோனையும் செயற்கைக்கோள் தொலைபேசியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மலையேறுவோர் பையில் மாட்டிக்கொள்ளும் செயற்கைக்கோள் தகவல் கருவியும் அதே கணக்கில்தான் வரும். அனுமதியில்லாமல் வைத்திருந்து விமான நிலையத்தில் பிடிபட்ட பயணிகள் உண்டு.

வெளி மாவட்டக் கார் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி. கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் வந்தால் அந்த வேலையும் இல்லை. கல்லாறு, குஞ்சப்பனைச் சோதனைச் சாவடிகளில் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்துவிடுவார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை, எனவே எவர்சில்வர் பாட்டில். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் வந்து தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டியது விடுதிக்காரர் பொறுப்பு. சிறிய வீட்டு விடுதிகளில் இதற்குப் பயந்தே இடமில்லை என்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதுமலை போன்ற சரணாலயங்களில் ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) காட்டினால் இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம்தான்.

பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். காட்டுக்குள் போக வேண்டியதில்லை, மொட்டை மாடியில் வெள்ளைக்கண்ணிக் குருவியை எண்ணினாலும் கணக்குத்தான். பிள்ளைகளிடம் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். முடித்துவிட்டு டீயும் ஊட்டி வர்க்கியும். ஆனால் பொங்கலன்று மட்டும் எட்டரைக்குள் வீட்டில் இருங்கள். பானை பொங்கும்போது குலவையிட ஆளில்லாமல் போனதற்கு என் அத்தை மூன்று வருடமாகச் சொல்லிக்காட்டுகிறார்.