யூரேசிய ஒன்றியத்துக்கு முதல் சரக்கு: ஈஏசி சான்றிதழ் பெறும் வழி, படிப்படியாக

முதல் ஆர்டர் உறுதியானதும் ஏற்றுமதியாளர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சான்றிதழுக்கு எவ்வளவு செலவாகும்?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "யார் பெயரில் எடுக்கப் போகிறீர்கள்?" இதற்குப் பதில் இல்லாமல் தொடங்கியவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்பது மூன்றாம் படியில் விளங்கும்.

ரஷ்யா, பெலாரூஸ், கஜகஸ்தான் மூன்றும் 2010-இல் சுங்க ஒன்றியமாக இணைந்தன. 2014 மே 29 அன்று அஸ்தானாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, 2015 ஜனவரி 1 முதல் அது யூரேசியப் பொருளாதார ஒன்றியமாக வளர்ந்தது. அதே ஆண்டில் ஆர்மீனியாவும் கிர்கிஸ்தானும் சேர்ந்தன. ஐந்து நாடுகளுக்கும் பொதுவான தொழில்நுட்ப ஒழுங்குமுறைகள் இருக்கின்றன; அவற்றுக்கு இணங்கிய பொருளில் இடும் "யூரேசிய இணக்கம்" குறிதான் ஈஏசி. அவற்றின்படி மின்ஸ்கில் எடுத்த சான்றிதழ் அல்மாட்டியிலும் செல்லும். ஒரு முறை ஒழுங்காகச் செய்தால் ஐந்து சந்தைகள் திறக்கின்றன என்பதால்தான் இதை அவசரப்படாமல் செய்யச் சொல்கிறேன்.

முதல் படி: பொருளின் குறியீட்டையும் பயன்பாட்டையும் உறுதிசெய்யுங்கள்

ஒன்றியத்தின் சுங்கக் குறியீடு பத்து இலக்கம் கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. மீதி நான்கு அவர்களுடையவை. உங்கள் ஏற்றுமதி பில்லில் உள்ள எண்ணை அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பத்து இலக்கத்தை வாங்குபவரின் சுங்க முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குறியீடு மட்டும் போதாது. பொருளை யார், எங்கே, எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர் அணியும் பருத்தி பனியன் 017/2011 என்ற இலகுத் தொழில் ஒழுங்குமுறையில் வரும். அதே துணியில், அதே தையலில் சிறுவர் அளவில் தைத்தால் 007/2011 என்ற குழந்தைப் பொருள் ஒழுங்குமுறைக்குப் போய்விடும். பரிசோதனை, வரம்பு, தாள்கள் எல்லாமே மாறும்.

மின்சாரப் பொருள்களுக்கு 004/2011 முக்கியமானது. மாறுமின்னோட்டத்தில் 50 முதல் 1000 வோல்ட் வரையும், நேர்மின்னோட்டத்தில் 75 முதல் 1500 வோல்ட் வரையும் இயங்கும் சாதனங்கள் அதற்குள் அடங்கும். ஐந்து வோல்ட்டில் சார்ஜ் ஆகும் டார்ச் விளக்கு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் அதே பெட்டிக்குள் சுவர் பிளக்கில் செருகும் சார்ஜரையும் வைத்தால், அந்தச் சார்ஜர் ஒழுங்குமுறைக்குள் வந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்தத் தாள் தேவை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு முக்கிய வடிவங்கள் உள்ளன. ஒன்று இணக்கச் சான்றிதழ். இதை அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு வழங்கும். மற்றொன்று இணக்க அறிவிப்பு. இதில் விண்ணப்பதாரரே "இந்தப் பொருள் விதிகளுக்கு உட்பட்டது" என்று தன் பொறுப்பில் அறிவித்து, பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வார். அறிவிப்பு எளிது, ஆகவே தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் சட்ட மதிப்பு ஒன்றே. எதை எடுப்பது என்பதை ஒழுங்குமுறை சொல்லும். சான்றிதழ் கட்டாயம் என்ற இடத்தில் அறிவிப்பு செல்லாது.

ஒரே பொருளுக்குப் பல ஒழுங்குமுறைகள் பொருந்துவதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கிறது. வீட்டு மின் கெட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின் பாதுகாப்புக்கு 004/2011, மின்காந்த இணக்கத்துக்கு (மற்ற சாதனங்களுக்கு மின்காந்த இடையூறு செய்யாமைக்கு) 020/2011. இவ்விரண்டையும் சேர்த்து ஒரே சான்றிதழாக எடுப்பது வழக்கம். அதோடு 037/2016 இருக்கிறது: ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற ஆபத்தான பொருள்களின் அளவுக்கான விதி. ஈயத்துக்கு 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்பது வரம்பு. இதற்குத் தனியாக இணக்க அறிவிப்பு வேண்டும். ஆக, ஒரு கெட்டிலுக்கு மூன்று ஒழுங்குமுறைகள், இரண்டு தாள்கள். 2018 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்த மூன்றாவதை இன்னமும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதாக அரசுப் பதிவு என்றொரு வடிவமும் உண்டு. குழந்தை உணவு, தலைமுடிச் சாயம், சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம் போன்ற சிலவற்றுக்கு அது தேவைப்படும். உங்கள் பொருள் எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், "கட்டாயச் சான்று தேவையில்லை" என்று ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக்கொள்வது அங்கே பரவலான பழக்கம். சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனாலும் எல்லையிலும் கடைச் சங்கிலிகளிலும் கேள்வி எழும்போது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றியத்துக்குள் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனமோ தனிநபர் தொழில்முனைவோரோதான் விண்ணப்பதாரராக இருக்க முடியும். வெளிநாட்டு உற்பத்தியாளர் நேரடியாக அறிவிப்பைப் பதிவு செய்ய முடியாது. உங்கள் பொருளுக்கு அங்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொருளால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் அதிகாரிகள் முதலில் அவரைத்தான் தேடிப் போவார்கள்.

இரண்டு வழிகள் உள்ளன. இறக்குமதியாளரே தன் பெயரில் எடுப்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு சரக்குக்கு இது வசதி. ஆனால் அந்தத் தாள் அவருடையது. நாளை வேறொருவருக்கு விற்க நினைத்தால் அந்தத் தாளை நம்பியிருக்க முடியாது. மற்றொன்று, ஒப்பந்தம் போட்டு ஓர் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியை நியமிப்பது. அப்போது சான்றிதழ் உங்கள் தொடர் உற்பத்திக்கே கிடைக்கும். யார் இறக்குமதி செய்தாலும் பயன்படும். பொருளின் இணக்கத்துக்கும், விதிக்குப் புறம்பான பொருளால் வரும் விளைவுக்கும் பிரதிநிதி பொறுப்பேற்கிறார் என்பது ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

நீண்ட காலம் விற்க நினைப்பவர்களுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். பெயரை மட்டும் வாடகைக்குத் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்களிடம் போகாதீர்கள். ஒரு நாள் அந்த நிறுவனம் மூடப்பட்டால், உங்கள் சான்றிதழ் அந்தரத்தில் தொங்கும்.

நான்காம் படி: திட்ட வகை

கெட்டில் போன்ற பொருளுக்குச் சான்றிதழில் 1எஸ், 3எஸ், 4எஸ் ஆகிய வகைகள் பயன்படும். 1எஸ் தொடர் உற்பத்திக்கு: மாதிரிப் பரிசோதனையும் தொழிற்சாலை ஆய்வும் உண்டு, ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். 3எஸ் ஒரு குறிப்பிட்ட சரக்குக்கு மட்டும். தொழிற்சாலைக்கு யாரும் வர மாட்டார்கள், ஆனால் அந்தச் சரக்கின் அளவோடு முடிந்துவிடும். 4எஸ் ஒரே ஒரு பொருளுக்கு. இங்கே "எஸ்" என்று நான் எழுதுவது தாள்களில் ஆங்கில "சி" போலத் தெரியும். அது ரஷ்ய எழுத்து, ஒலி "எஸ்". மின்னஞ்சலில் தேடும்போது ஆங்கில எழுத்தைத் தட்டினால் கிடைக்காது.

அறிவிப்புகளில் 1டி, 3டி தொடர் உற்பத்திக்கு. 2டி, 4டி தனிச் சரக்குக்கு. 3டி-யிலும் 4டி-யிலும் பரிசோதனை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். சந்தை எப்படியிருக்கும் என்று தெரியாத முதல் ஆர்டருக்குச் சரக்கு வகை போதும். இரண்டாம், மூன்றாம் ஆர்டர் உறுதியென்றால் தொடக்கத்திலேயே தொடர் உற்பத்தி வகைக்குப் போவது மிச்சம்.

ஐந்தாம் படி: கோப்பும் மாதிரியும்

தொழில்நுட்ப விவரம், மின்சுற்று வரைபடம், ரஷ்ய மொழியில் பயன்பாட்டுக் கையேடு, பின்பற்றிய தரநிலைகளின் பட்டியல், பிரதிநிதி ஒப்பந்தம், தர மேலாண்மைச் சான்றிதழ் இருந்தால் அதுவும். இயந்திரம் அனுப்புபவர்களுக்கு 010/2011 பொருந்தும்; அதில் "பாதுகாப்பு நியாயப்படுத்தல்" என்ற தனி ஆவணமும் தேவை. அதை எழுத வாரங்கள் ஆகும், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ குறிக்கு எடுத்த பரிசோதனை அறிக்கை கையில் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். கோப்புக்கு அது உதவும், பரிசோதனைக்கு மாற்றாகாது. ஒன்றியத்தின் பொதுப் பதிவேட்டில் உள்ள ஆய்வகத்தின் அறிக்கைதான் சான்றிதழுக்கு அடிப்படை.

சான்று இல்லாமல் பொருளை உள்ளே கொண்டுபோக முடியாது. பொருள் உள்ளே போகாமல் சான்று வராது. இந்த முடிச்சை விதியே அவிழ்த்து வைத்திருக்கிறது. பரிசோதனைக்கான மாதிரிகளை இணக்கத் தாள் இல்லாமலே இறக்குமதி செய்யலாம். சான்றளிப்பு அமைப்புடனோ ஆய்வகத்துடனோ செய்த ஒப்பந்தம், அல்லது எத்தனை மாதிரி தேவை என்று அவர்கள் எழுதிய கடிதம் சுங்கத்தில் காட்டப்பட வேண்டும். மாதிரி உள்ளே வந்த சுங்கத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். "இரண்டே நாளில், மாதிரி எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அது பரிசோதனையே நடக்காத தாள். அதிகாரிகள் அதை ரத்து செய்தால் ஏற்கெனவே விற்ற சரக்கும் சிக்கலில் மாட்டும்.

பரிசோதனையில் என்ன பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, உங்கள் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் ஒத்திகை பார்ப்பது நல்லது. ஆடைகளில், உடலை ஒட்டி அணியும் துணியில் துணியோடு பிணையாமல் தனித்து நிற்கும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் ஒரு கிராமுக்கு 75 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. மேலாடைக்கு வரம்பு 300. சுருக்கம் விழாமலிருக்கப் பூசும் ரசாயனம் இந்த எண்ணைத் தாண்ட வைக்கும். சாயப்பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகு இதைத் திருத்த வழியில்லை.

ஆறாம் படி: வரைவை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

வெளியிடும் முன் சான்றளிப்பு அமைப்பு வரைவை அனுப்பும். என் அனுபவத்தில் அதிகச் சேதம் நடப்பது இந்த அரை மணி நேரத்தில்தான்.

ஒரு முறை நான் தாள்களைக் கவனித்த கெட்டில் சரக்கு ஒன்று எல்லையில் நின்றது. பரிசோதனையில் குறையில்லை, குறியும் இருந்தது. சான்றிதழில் உற்பத்தியாளரின் தலைமை அலுவலக முகவரி மட்டும் இருந்தது. கெட்டிலின் அடியில் ஒட்டிய லேபிளில் இரண்டாவது தொழிற்சாலையின் முகவரி. அந்தத் தொழிற்சாலை சான்றிதழில் எங்கேயும் இல்லை. சுங்க அதிகாரியின் கேள்வி நியாயமானது: "நீங்கள் சோதித்த கெட்டில் இந்த இடத்தில் செய்ததா?" பதில் சொல்லத் தாள் இல்லை. அந்த இடத்தையும் சேர்த்துப் புதிய சான்றிதழ் எடுக்கும் வரை கன்டெய்னர் வாடகை ஏறிக்கொண்டே போனது. வரைவைப் படிக்கும்போது நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகவே இப்போது நான் லேபிளின் புகைப்படத்தை ஒரு பக்கமும் வரைவை மறு பக்கமும் வைத்துப் படிக்கிறேன். மாடல் எண்ணில் இணைப்புக்கோடு, இடைவெளி, நிறுவனப் பெயரின் எழுத்துக்கூட்டல், உற்பத்தி நடக்கும் எல்லா இடங்களின் முகவரி, பத்து இலக்கக் குறியீடு, ஒழுங்குமுறை எண்கள். நிறத்துக்கு ஒரு மாடல் எண் வைத்திருந்தால், எல்லா எண்களும் பின்னிணைப்பில் வந்திருக்க வேண்டும்.

தாள் வந்ததும் பதிவேட்டில் எண்ணைத் தேடுங்கள். ரஷ்யாவில் வழங்கியது என்றால் அந்நாட்டு அங்கீகாரச் சேவையான ரோஸ்அக்ரெடிதாத்சியாவின் இணையப் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் இல்லாத அறிவிப்புக்கு மதிப்பே இல்லை. அழகான முத்திரையுடன் வந்த பிடிஎஃப் எதையும் நிரூபிக்காது. நிலை "நடப்பில்" என்று இருக்கிறதா என்பதை, சரக்கு ஏற்றும் நாளில் இன்னொரு முறையும் பாருங்கள். அந்த எண்தான் இறக்குமதியின்போது சுங்கப் பிரகடனத்தின் 44-ஆம் கட்டத்தில் எழுதப்படும்.

ஏழாம் படி: குறியும் லேபிளும்

ஈஏசி குறி செங்கோணங்களால் வரைந்த மூன்று எழுத்துகள். உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரே நிறத்தில், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். பொருளின் ஆயுள் முழுக்க அழியாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளிலும் இடுவதுதான் விதி. இடமில்லாதபோது மட்டும் பொதியிலும் கையேட்டிலும் இடலாம். பொருந்தும் எல்லா ஒழுங்குமுறைகளுக்கும் இணங்கிய பிறகுதான் இந்தக் குறியை இட உரிமை வரும். மேலே சொன்ன கெட்டிலுக்கு 037 அறிவிப்பு இல்லையென்றால், கையில் சான்றிதழ் இருந்தாலும் குறி இடக் கூடாது.

லேபிளும் கையேடும் ரஷ்ய மொழியில் வேண்டும். விற்கும் நாட்டின் சட்டம் கேட்டால் அந்நாட்டு மொழியும் சேரும். கஜகஸ்தானுக்குக் கஜக் மொழி. ரஷ்யாவில் ஆடை, காலணி, வாசனைத் திரவியம் விற்பவர்களுக்கு "செஸ்த்னி ஸ்னாக்" என்ற மின்னணுக் குறியீட்டு முறையும் உண்டு. அது வேறு அமைப்பு, வேறு பதிவு. ஈஏசி கிடைத்துவிட்டதால் அது முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

எட்டாம் படி: சான்றிதழ் வந்த பிறகு

1எஸ் வகையில் கண்காணிப்பு ஆய்வு உண்டு, பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. தேதியை நீங்களே குறித்து வைத்து, அமைப்புக்கு முன்கூட்டி எழுதுங்கள். தவறவிட்டால் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படலாம்.

பாகம் மாறினால் உடனே சொல்லுங்கள். பழைய தெர்மோஸ்டாட் சந்தையில் கிடைக்கவில்லை என்று கொள்முதல் பிரிவு வேறொரு நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டை வாங்கிப் பொருத்தும். வெளியே பார்த்தால் அதே கெட்டில்தான். ஆனால் ஆய்வகம் சோதித்தது அந்தக் கெட்டிலை அல்ல. தண்ணீர் வற்றிய பிறகு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியது அந்தச் சிறு பாகம்தான். அதனால் கொள்முதல் பிரிவின் மேசையில், சான்றிதழில் கட்டுப்பட்ட பாகங்களின் பட்டியலை ஒட்டி வையுங்கள். அதில் உள்ள எதையும் மாற்றுவதற்கு முன் பிரதிநிதிக்கும் சான்றளிப்பு அமைப்புக்கும் கடிதம் போக வேண்டும். பதில் வரும் வரை புதிய பாகம் பொருத்திய பெட்டிகள் கிடங்கிலேயே இருக்கட்டும்.