நீலகிரிச் செம்மறியில் குடற்புழு எதிர்ப்பு மரபணுக்களைத் தேடும் முறை

ஒரே புல்வெளியில் மேயும் நீலகிரிச் செம்மறிகளில் ஒன்று ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு ரத்தம் உறிஞ்சுவதால் வெளுத்துப்போகும்; இன்னொன்று தெம்பாகத் திரியும். இதில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. சிறு சிறு பங்குள்ள பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால், அளவீட்டில் கொஞ்சம் பிசகினாலும் எதுவும் தட்டுப்படாது. ஆட்டின் எதிர்ப்பை, புழுக்கையில் எத்தனை புழு முட்டைகள் வருகின்றன என்று எண்ணித்தான் அளக்கிறோம். அதனால் முதல் கவனம் புழுக்கைக்கு.

நீலகிரியின் சாண்டிநல்லா பக்கம் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் எடுக்காதீர்கள். குளிரில் புழு முட்டைகள் லார்வாவாக (புழுவின் இளம் பருவமாக) வளர்வதில்லை. புதுத் தொற்று குறைந்து, எல்லா ஆடும் ஒன்றுபோலவே தெரியும். மழை மாதங்களில், மந்தையின் சராசரி ஒரு கிராம் புழுக்கைக்கு 500 முட்டையைத் தாண்டியதும் எடுங்கள். கடைசி குடற்புழு மருந்து கொடுத்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். குளோசன்டெல் என்ற மருந்து என்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள், அது ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். கண் இமையின் உட்புறம் வெளுத்த ஆட்டுக்கு மாதிரி எடுத்த கையோடு மருந்து கொடுத்துவிடுங்கள். ஆராய்ச்சிக்காக ஓர் ஆட்டைச் சாகவிடக் கூடாது.

3 முதல் 6 மாதக் குட்டிகளே நல்லது. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் ஆசனவாயிலிருந்தே எடுத்து, 4 டிகிரியில் வையுங்கள். வெளியே கிடந்தால் ஒரே நாளில் முட்டை பொரித்து எண்ணிக்கை குறையும். 3 கிராம் புழுக்கையை 42 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் கண்ணாடியின் (முட்டை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) இரு அறைகளிலும் எண்ணி 50-ஆல் பெருக்குங்கள். சில நாள் விட்டு மறுபடி எண்ணிச் சராசரி எடுங்கள்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் 5 மில்லி, ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில். காதுவில்லை எண்ணை இருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். குழாய் மாறியிருந்தால், குட்டியின் மரபணு வகை பதிவேட்டிலுள்ள தந்தைக் கிடாவோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுக்கும்.

50கே சிப் (மரபணுத் தொகுதியில் சுமார் 50,000 இடங்களைப் படிக்கும் சோதனைத் தகடு) முடிவில் 95 சதவீதத்துக்குக் கீழே படிக்கப்பட்ட எஸ்என்பிகளையும் (ஆட்டுக்கு ஆடு ஓர் எழுத்து மாறும் டிஎன்ஏ இடங்கள்) ஆடுகளையும் நீக்குங்கள். சில ஆடுகளின் மிகப்பெரிய எண்ணிக்கை கணக்கை இழுத்துவிடாமல் இருக்க, முட்டை எண்ணிக்கையை லாக் (மடக்கை) மதிப்பாக்குங்கள். இந்த இனம் 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவானது. கலப்பு விகிதம் மந்தைக்கு மந்தை மாறினால், மெரினோ வழி வந்த எஸ்என்பியே எதிர்ப்புச் சக்திக்குக் காரணம்போலத் தோன்றும். ஆடுகளுக்கிடையே உள்ள உறவின் அளவைச் சொல்லும் அட்டவணையை (உறவு அணி) சேர்த்த 'கலப்பு மாதிரி' என்ற புள்ளியியல் கணக்கைப் பயன்படுத்தினால் இது பெருமளவு அடங்கும்.

50,000 இடங்களைச் சோதிக்கும்போது தற்செயலாகவே சில இடங்கள் தட்டுப்படும் என்பதால், பி மதிப்பு (தொடர்பு இல்லாமலே இப்படித் தெரிவதற்கான வாய்ப்பு) 0.000001-க்குக் கீழே வர வேண்டும். அந்த வரம்பில், ஆடுகளுக்கிடையே உள்ள முட்டை எண்ணிக்கை வேறுபாட்டில் 1% பங்குள்ள இடத்தைப் பிடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புக் கிடைக்கவே சுமார் 2,400 ஆடுகள் தேவை. 300 ஆடுகள் என்றால் 8% பங்குள்ள இடத்துக்குத்தான் அதே வாய்ப்பு. ஒரே பண்ணையோடு நிற்காமல், இதே முறையில் எண்ணிய மற்ற மந்தைகளின் பதிவுகளையும் சேருங்கள். மந்தையை அந்தப் புள்ளியியல் கணக்கில் தனிக் காரணியாக வையுங்கள்.