மண்புழு வாங்கி வயலில் விடலாமா? மண்ணுயிர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரக்குழியில் பெருகும் மண்புழுக்களை அள்ளிக்கொண்டுபோய் வயலில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை மண்ணை உழுதுவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் உரத்தொட்டிக்கென்று விற்கப்படும் ஐசீனியா ஃபெடிடாவும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியேவும் மக்கும் குப்பைக்குள் வாழ்பவை. ஆழமாக வளை தோண்டாது. வெறும் நிலத்தில் விட்டால் வெயிலிலும் பட்டினியிலும் சாகும். நம் மண்ணில் வளை தோண்டி மழைநீரை உள்ளே இறக்குபவை லாம்பிட்டோ மௌரிட்டி போன்ற நாட்டுப் புழுக்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூடாக்கும் (மண்ணை மூடும் வைக்கோல், சருகு) ஈரமும் இருந்தால் தாமாகவே பெருகும். ரோட்டவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலோ, கரும்புச் சோகையைக் கொளுத்தினாலோ குறைந்துபோகும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் மக்காத கழிவால் வருகிறது. இயற்கைப் பொருள்தானே என்று தென்னைநார்க் கழிவையும் மரத்தூளையும் மண்ணோடு கலந்து உடனே நாற்று நடுகிறோம். இலை வெளுக்கிறது. நோய் என்று நினைத்து மருந்தும் அடிக்கிறோம். நடப்பது வேறு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறக்குறைய 24 பங்கு கரிமம் (கார்பன்) உள்ள தீனிதான் நுண்ணுயிர்களுக்குத் தோதானது. தென்னைநார்க் கழிவிலோ கரிமம் 100 பங்கைத் தொடும். அதைத் தின்று பெருகும்போது, குறைகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும்; பயிருக்கு மிஞ்சாது. அவை மடிந்தபின் அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பும், ஆனால் நாற்றுக்குத் தேவைப்பட்ட காலம் அதற்குள் போய்விடும். ஆகவே மக்க வைத்துப் போடுங்கள். வைக்கோலைக்கூட மண்ணுக்குள் கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

விதை நேர்த்தியிலும், அதாவது விதைக்கும் முன் விதையோடு மருந்தோ நுண்ணுயிரோ கலப்பதிலும், கவனம் வேண்டும். ட்ரைக்கோடெர்மா விரிடி நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. அதே விதையில் கார்பன்டாசிம் என்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் கலந்தால் இதுதான் முதலில் சாகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். உயிர் உரப் பொட்டலத்தை வெயில் படும் இடத்தில் வைப்பதும், காலாவதி தேதி பார்க்காமல் வாங்குவதும் வீண்செலவே.

உயிர் உரமாக விற்கப்படும் வேர் உட்பூசணத்துக்கு (வேருக்குள் வாழும் மைக்கோரைசா பூஞ்சை) வேறொரு குணம் உண்டு. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கும். மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்ட நிலத்தில் செடிக்கு அதன் தயவு தேவையில்லை. வேரில் அது பரவுவதும் குறைந்துவிடும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு போடுகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரோடு அது கூட்டுச் சேராது.