டிபியுவில் திரவ ஓட்டம்: ஐன்சம் செய்த குழப்பம்

கூகுளின் டிபியு, செயற்கை நரம்பு வலைகளுக்காக உருவான சிப். திரவ ஓட்டக் கணக்கையும் அதில் ஓட்டலாம். பைத்தானும் நம்பையும் பழகியவர்களுக்காக எழுதுகிறேன்.

கூகுளின் இணைய நோட்புக்கான கோலாப்பில் ரன்டைமை டிபியுவுக்கு மாற்றி, நம்பை போலவே எழுதக்கூடிய ஜாக்ஸ் நூலகத்தைக் கொண்டு வாருங்கள். தொடக்கத்தில் குடா (என்விடியா ஜிபியுவுக்கு மட்டுமான நிரலாக்க முறை) வேண்டாம் என்பேன். ஜாக்ஸில் எழுதிய ஒரே நிரல் சிபியு, ஜிபியு, டிபியு மூன்றிலும் ஓடும். அந்த வசதிதான் பிறகு என் பிழையைக் காட்டிக் கொடுத்தது.

முறை, லாட்டிஸ் போல்ட்ஸ்மேன்: கட்டப் புள்ளிகளுக்கிடையே நகர்ந்து மோதும் துகள்களாகத் திரவத்தைக் கணக்கிடுவது. ஒவ்வொரு புள்ளியிலும் 9 திசைகளுக்கு 9 எண்கள், அந்தந்தத் திசையில் போகும் திரவத்தின் அளவு. எடைகள் நடுவில் 4/9, நேர்த்திசைகளில் 1/9, மூலைகளில் 1/36. நகர்த்துவதற்கு, அணியை ஒரு பக்கமாகத் தள்ளும் 'ரோல்' போதும். தளர்வுக் காலம் (மோதலில் எண்கள் சமநிலைக்குத் திரும்ப எடுக்கும் காலம்) 0.5ஐ விட அதிகமாக இருக்க வேண்டும், அதிலிருந்து 0.5ஐக் கழித்து 3ஆல் வகுத்தால் பாகுநிலை. அணியை 9 × உயரம் × அகலம் என்று வையுங்கள், அகலம் 128இன் மடங்காக இருக்கட்டும்.

சரி, நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். வேகத்தைக் கண்டுபிடிக்க 9 எண்களையும் திசைகளோடு, அணிகளைப் பெருக்கிக் கூட்டும் 'ஐன்சம்' வைத்துப் பெருக்கினேன். சிபியுவில் அழகாகத் தணிந்த சுழல், டிபியுவில் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வந்தது. எல்லா எண்களும் 32 பிட் என்றுதான் நிரல் காட்டியது. ஆனால் டிபியுவில் அணிப்பெருக்கல் இயல்பாகவே உள்ளீட்டை பிஃப்ளோட்16 என்ற துல்லியம் குறைந்த 16 பிட் எண்ணாகச் சுருக்கிவிடும். எதிரெதிர்த் திசைகளில் 0.1112, 0.1115 என்று இருந்தால், சுருக்கிய பின் இரண்டுமே ஏறத்தாழ 0.1113. நமக்கு வேண்டிய ஓட்டமே அந்தச் சின்ன வித்தியாசம்தான். அது அங்கேயே அழிந்துபோகிறது.

'ஐன்சம்'முக்கு 'பிரசிஷன்' மதிப்பாக 'ஹையஸ்ட்' கொடுத்தால் சரியாகும். நான் அதையும் விட்டுவிட்டு, கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரே வரியில் எழுதிவிட்டேன். 9 எண்களுக்குப் பெருக்கல் அலகு தேவையே இல்லை. இன்னொன்றும் செய்யுங்கள்: எண்ணை அப்படியே வைக்காமல், அதன் எடையைக் கழித்து மீதியை மட்டும் சேமித்தால் 32 பிட்டில் துல்லியம் இன்னும் கூடும்.

அப்புறம், படிகளைப் பைத்தான் சுழற்சியில் ஓட்டாமல் ஜாக்ஸின் சொந்தச் சுழற்சியான 'ஃபோரி லூப்'பில் போட்டு, மொத்தத்தையும் 'ஜிட்' செய்யுங்கள், அதாவது சிப்புக்கான நிரலாகத் தொகுக்கச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: பத்தாயிரம் படிகள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஜாக்ஸ் வேலையைச் சிப்பிடம் ஒப்படைத்தவுடன் திரும்பிவிடும். அவர் அளந்தது ஒப்படைத்த நேரம். கடிகாரத்தை நிறுத்தும் முன், விடை வரும்வரை காத்திருக்கும் 'பிளாக் அன்டில் ரெடி' போடுங்கள். முதல் ஓட்டத்தில் தொகுக்கும் நேரமும் சேரும், அதனால் இரண்டாவது ஓட்டத்தை அளங்கள்.