போத்தலைத் திறப்பதற்கு முன் உரிமத்தைப் படியுங்கள்

லண்டன் புறநகர் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருவர் கடை வைத்திருக்கிறார். பால், பாண், பத்திரிகை, ஒரு சுவர் முழுக்க ஒயின். பெரிய கடைகளின் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல், சென்ற ஆண்டு சன்னலோரம் மூன்று வட்ட மேசைகளைப் போட்டார். மாலையில் வேலை முடிந்து வருபவர்கள் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். இரண்டாம் வாரமே, உரிமம் வழங்கும் உள்ளூர்க் கவுன்சிலின் அதிகாரி வந்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிமச் சுருக்கத்தில் ஒரே ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். கடைக்கு வெளியே கொண்டுபோய் அருந்துவதற்கு மட்டும் மது விற்கலாம் என்றது அந்த வரி. ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தாளின் கீழே நின்றுதான் அவர் வியாபாரம் செய்தார். அந்த வரியைப் படித்ததில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். போத்தலாக விற்பதும் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதும் அதன் பார்வையில் ஒன்றல்ல. உரிமத்தில் இல்லாத விற்பனைக்கு வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நம்மவர்கள் நடத்தும் ‘ஆஃப் லைசென்ஸ்’ கடைகளுக்கு அந்தப் பெயரே இந்தப் பிரிவினையிலிருந்துதான் வந்தது; ‘ஆஃப்’ என்றால் கடைக்கு வெளியே அருந்த. ஆனாலும் இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

‘சும்மா ருசி பார்க்கத்தானே கொடுக்கிறேன்’ என்பார்கள். உண்மையாகவே இலவசமாகக் கொடுத்தால் அது விற்பனை ஆகாது. ஆனால் பத்துப் பவுண்டு டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஆறு ஒயின் ருசிக்கக் கொடுத்தால், அந்தப் பத்துப் பவுண்டு மதுவின் விலைதான். எப்போதாவது ஒரு மாலை அப்படி நடத்த விரும்பினால் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு இருக்கிறது. கட்டணம் 21 பவுண்டு. பத்து வேலை நாட்களுக்கு முன்பே கவுன்சிலிடம் சேர்ந்துவிட வேண்டும். ஒருநேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

நிரந்தரமாக மேசை போடுவதானால் உரிமத்தையே திருத்த வேண்டும். 89 பவுண்டில் முடியும் ‘சிறு மாற்றம்’ என்ற வழியில் இதை நுழைத்துவிடலாம் என்று சிலர் பார்க்கிறார்கள். மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம். முழு விண்ணப்பத்தையே போடுங்கள். வெளிர் நீலத் தாளில், 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிட்ட அறிவிப்பைத் தெருவில் நடப்பவர் நின்று படிக்கும்படி 28 நாள் ஒட்டிவைக்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் வர வேண்டும். வெள்ளைத் தாளில் அச்சிட்டு, அதையும் தள்ளுபடிச் சுவரொட்டிக்குப் பின்னால் ஒட்டி, நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவந்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 28 நாட்களில் கடை வாடகை நிற்காது.

மது உரிமம் கிடைத்ததுமே எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுப்பு பிரித்துப் பார்ப்பது கவுன்சிலின் திட்டமிடல் பிரிவு. அதன் விதிகளே வேறு. இங்கிலாந்தில் சாதாரணக் கடை ‘ஈ’ வகுப்பில் வரும்; மது அருந்தகம் 2020 செப்டம்பர் முதல் எந்த வகுப்பிலும் சேராத தனி இனம். கடையின் முக்கிய வேலையே ஊற்றிக் கொடுப்பதாக மாறும்போது பயன்பாட்டு மாற்ற அனுமதி தேவைப்படலாம். மேசை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊற்றும் அளவுக்கும் சட்டம் உண்டு. நுரைக்காத ஒயினைக் கிளாஸில் விற்றால் 125 அல்லது 175 மில்லிலீட்டர், இல்லையேல் அவற்றின் மடங்குகள். ருசி பார்க்கும் அளவென்றால் 75க்குக் கீழே. இடையில் நூறு மில்லிலீட்டர் என்று ஓர் அளவை நீங்களாக வைத்துக்கொள்ள முடியாது. 125 அளவு கட்டாயம் இருக்க வேண்டும். விலைப்பட்டியலிலும் தெரிய வேண்டும். குடிக்க வருபவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடப்பது ஏனென்றால், மாலை நேரத்தில் கல்லாவில் நிற்பவர் பயிற்சி பெறாத உறவுக்காரப் பிள்ளையாக இருப்பதுதான். இருபத்தைந்துக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கும் பழக்கத்தை வையுங்கள். மறுத்தவற்றை நாள், நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

வேனில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தரும் ஒயினை வாங்கவே வாங்காதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரித்துறையிடம் பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம்தான் கொள்முதல் செய்ய வேண்டும். பதிவு எண் பற்றுச்சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, வரித்துறையின் இணையதளத்திலும் சரிபாருங்கள். தீர்வை கட்டாத சில பெட்டிகளுக்காக உரிமத்தையே இழப்பது கொடுமை.

உரிமத்தில் பெயர் உள்ள மேற்பார்வையாளர், அதாவது டிபிஎஸ், அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டால் இன்னொருவர் பெயரைக் கொடுக்கும் வரை மது விற்க முடியாது. புதிதாக வருபவருக்கு, கடை உரிமம் தவிர, அவர் பெயரிலேயே தனிநபர் உரிமமும் இருக்க வேண்டும். மாற்றக் கட்டணம் 23 பவுண்டுதான். மாற்றம் உடனே நடைமுறைக்கு வர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கும் வசதியும் இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கடைசியாக வருவது. உரிமம் பலரிடம் கம்பெனி பெயரில் இருக்கும். கணக்காளருக்குக் காசு கொடுக்காமலோ, ஆண்டு அறிக்கையை மறந்தோ அந்தக் கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்துவிட்டால், உரிமமும் அதே நாளில் காலாவதியாகிவிடும். கவுன்சில் கடிதம் போட்டுச் சொல்லாது. கடை திறந்திருக்கும், தாள் சுவரில் தொங்கும், ஒவ்வொரு போத்தலும் சட்டவிரோதமாக விற்றுக்கொண்டிருக்கும். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலும் அது காலாவதியாகும். அப்போது 28 நாட்களுக்குள் வேறொருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் அதே உரிமத்தை மீட்கலாம். துக்க வீட்டில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. அதனால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, மூலப்பிரதி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.